ஸ்வீட் பொட்டேட்டோ பை: என்கிட்ட எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்கற கேள்விகள்

நான் இருக்கறது நார்த் கரோலினால. அமெரிக்காலயே சர்க்கரைவள்ளிக் கிழங்கு அதிகமா விளையற மாநிலம் இதுதான், அது கூடத் தெரியாமத்தான் வந்து சேந்தேன். பக்கத்து வீட்ல ஒரு பெரியம்மா, கறுப்பினத்தவங்க, நாங்க குடி வந்த முதல் நவம்பர்லயே அலுமினியத் தட்டுல ஒரு பை கொண்டு வந்து குடுத்துட்டு, தட்டைத் திருப்பித் தர வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் அவங்க அடுப்படில நின்னே கத்துக்கிட்டேன். இப்ப ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்குக்கும் தமிழ் ஃப்ரெண்ட்ஸ் கூடற வீட்டுக்கு இதைத்தான் கொண்டு போறேன், போற எடத்துல எல்லாம் அதே பத்துப் பதினஞ்சு கேள்வி. வாயால சொல்லி அலுத்துப் போச்சு, அதான் டைப் பண்ணி வெச்சுட்டேன், இனிமே கேக்கறவங்களுக்கு இதையே அனுப்பிடலாம்.

பைன்னா என்ன அக்கா? நம்ம போளி மாதிரியா?

முதல்ல, கடைக்கு எடுத்துட்டுப் போற பை இல்ல, இந்த ஜோக்கை எல்லாரும் சொல்லியாச்சு. போளில பூரணத்தை மாவு மூடியிருக்கும். இதுல மாவு கீழ மட்டும்தான், ஒரு கிண்ணம் மாதிரி. அதுக்குள்ள வேகவெச்சு மசிச்ச கிழங்கு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, பால், ஜாதிக்காய் எல்லாம் கலந்து ஊத்தி அவன்ல வெச்சா கஸ்டர்ட் மாதிரி இறுகி வரும். மேல மூடி கிடையாது. ஆறினப்புறம்தான் வெட்டணும், சூட்டோட வெட்டினா கொழகொழன்னு வரும்.

இந்தியன் கடைல கிடைக்கற கிழங்கு போதுமா?

நம்ம கடைல கிடைக்கறது தோல் செவப்பா உள்ள வெள்ளையா இருக்கறது. வேகவெச்சா மாவா, உலர்ந்த மாதிரி ஆகும். அதுலயும் செய்யலாம், பால் கொஞ்சம் கூட வேணும், கலர் வராது. பெரியம்மா அதைப் பாத்துட்டு "இது வேற எதோ" ங்கற மாதிரி ஒரு பார்வை பாத்தாங்க. உள்ள ஆரஞ்சா இருக்கற போரிகார்ட், கோவிங்டன் இந்த ரகங்கதான் ஈரப்பதமும் இனிப்பும் சரியா இருக்கும். எங்க ஊர் சூப்பர்மார்க்கெட்ல வர்றது பெரும்பாலும் கோவிங்டன்.

டின்ல "யாம்" னு போட்டிருக்கு, ஸ்வீட் பொட்டேட்டோன்னும் போட்டிருக்கு, எது நிஜம்?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன். உள்ள இருக்கறது ஸ்வீட் பொட்டேட்டோதான். நிஜமான யாம் வேற குடும்பம், ஆப்பிரிக்காலயும் ஆசியாலயும் இருக்கறது, தோல் மரப்பட்டை மாதிரி, சிலது ஒரு ஆள் தூக்கற அளவு பெருசு. ஸ்வீட் பொட்டேட்டோ அமெரிக்கக் கண்டத்துக் கிழங்கு. மேற்கு ஆப்பிரிக்கால இருந்து பிடிச்சுட்டு வந்து அடிமையா வித்தாங்களே, அவங்களுக்கு ஊர்ல யாம்தான் சோறு மாதிரி. இங்க அது கிடைக்கல, அதுக்குப் பக்கத்துல வந்தது இந்தக் கிழங்கு, அதனால பழைய பேரையே இதுக்கு வெச்சுட்டாங்க. அந்தப் பக்கத்து மொழிகள்ல ஞாம், ஞாமி மாதிரி வர்ற சொல்லுக்கு சாப்பிடறதுன்னே அர்த்தம். 1930கள்ல லூசியானா விவசாயிங்க அவங்களோட ஆரஞ்சு ரகத்தைத் தனியா காட்டறதுக்காக யாம்னு பேர் போட்டு வித்தாங்க, குழப்பம் டின் வரைக்கும் வந்துருச்சு. இப்ப யாம்னு எழுதினா பக்கத்துலயே ஸ்வீட் பொட்டேட்டோன்னும் எழுதணும்னு அரசாங்க விதி.

இதுல சிரிப்பு என்னன்னா நாமளும் அதையேதான் செஞ்சிருக்கோம். புறநானூறு 109ல கபிலர் பறம்பு மலைல உழாமலே கிடைக்கறதைச் சொல்லும்போது வள்ளிக்கிழங்கு வருமே, அது யாம் குடும்பம். அப்புறம் பல நூற்றாண்டு கழிச்சு அமெரிக்காலருந்து கடல் தாண்டி இந்த இனிப்புக் கிழங்கு வந்தப்ப, நம்மாளுங்க அதைப் பாத்து "சர்க்கரை" வள்ளின்னுட்டாங்க. தெரிஞ்ச கிழங்கோட பேரைத் தெரியாத கிழங்குக்கு வெக்கறது அங்கயும் இங்கயும் நடந்திருக்கு. என்ன, நாம நம்ம ஊர்ல உக்காந்துட்டு வெச்சோம், அவங்க ஊரை விட்டுப் பிடுங்கி வந்த எடத்துல வெச்சாங்க.

பம்ப்கின் பையும் இதுவும் ஒண்ணுதானே? ஆஃபீஸ்ல எல்லாரும் பம்ப்கின்தான் கொண்டு வர்றாங்க.

பாக்க ஒண்ணு மாதிரி இருக்கும். பூசணி வடக்கு மாநிலத்து வெள்ளைக்காரங்க வழக்கம், 1863ல லிங்கன் தேங்க்ஸ்கிவிங்கை நாடு முழுக்க அறிவிச்சப்ப அதுவும் கூடவே பரவிச்சு. தெற்குல கிழங்குதான். கறுப்பினக் குடும்பங்க தெற்குலருந்து சிகாகோ, டெட்ராய்ட்னு வேலை தேடிப் போனப்ப பையும் கூடவே போச்சு, அதனால இப்ப ஊரை விட குடும்பத்தைப் பொறுத்த விஷயமாயிடுச்சு. ருசில கிழங்குதான் கெட்டியா, வெண்ணெய் மணமா இருக்கும். இது என் கட்சி, சண்டைக்கு வராதீங்க.

அளவு சொல்லுங்க, கண் திட்டம்னு சொல்லாதீங்க ப்ளீஸ்

பெரியம்மா கண் திட்டம்தான். நான் பின்னாடியே கப் எடுத்துட்டு அலைஞ்சு அளந்து எழுதினது இது, ஒரு 9 இஞ்ச் தட்டுக்கு, உள்ள ஊத்தற கலவைக்கு மட்டும். கிழங்கு முக்கா கிலோ சுமார், தோலோட அவன்ல சுட்டு உரிச்சு மசிச்சா ரெண்டு கப் வரும். தண்ணில வேகவெச்சா நீர் கோத்துக்கும், சுடறதுதான் நல்லது. சூடா இருக்கும்போதே வெண்ணெய் அரை கப், அப்புறம் சர்க்கரை முக்கா கப்லருந்து ஒரு கப், முட்டை 2, இவாப்பரேட்டட் மில்க் அரை கப், ஜாதிக்காய் அரை டீஸ்பூன், பட்டைத் தூள் அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. 350 டிகிரி ஃபாரன்ஹீட்ல 55லருந்து 60 நிமிஷம். நடுவுல லேசா ஆடணும், ஓரம் இறுகியிருக்கணும், அப்ப எடுத்துருங்க.

ரெண்டு எச்சரிக்கை. இவாப்பரேட்டட் மில்க்னா சர்க்கரை போடாத வத்தின பால், மில்க்மெய்ட் இல்ல, ஒருத்தங்க மில்க்மெய்டும் ஊத்தி சர்க்கரையும் போட்டு பாயசமா ஆக்கிட்டாங்க. இன்னொண்ணு நார், எலெக்ட்ரிக் பீட்டரால அடிச்சா நாரெல்லாம் கம்பில சுத்திக்கும், கம்பியக் கழுவிட்டு இன்னொரு தடவ அடிங்க.

முட்டை சாப்பிட மாட்டோம், என்ன பண்றது?

கார்ன்ஃப்ளார் மூணு டேபிள்ஸ்பூன் பால்ல கரைச்சு ஊத்துங்க, இறுகும். அல்வாவுக்கும் பைக்கும் நடுவுல ஒண்ணு வரும், நல்லாத்தான் இருக்கும்.

இது அடிமைக் காலத்துல அவங்க குடிசைல செஞ்சு சாப்பிட்டதாமே?

கிழங்கு சாப்பிட்டாங்க, சாம்பல்ல புதைச்சு சுட்டு. பை வேற கதை. பை செய்யணும்னா கோதுமை மாவு வேணும், சர்க்கரை வேணும், முட்டை பால் வெண்ணெய் வேணும், ஒழுங்கான அடுப்பு வேணும், இதெல்லாம் குடிசைல ஏது? எஜமானோட பெரிய வீட்டு அடுப்படில இருந்துச்சு. அங்க நின்னு செஞ்சது கறுப்பினப் பெண்கள், சாப்பிட்டது வேற ஆளுங்க. மாவு ஓடு வெக்கறது இங்கிலாந்துக்காரன் பழக்கம், கிழங்கு இந்த மண்ணு, கிழங்கு மேல இருந்த பிரியம் ஆப்பிரிக்கா, சேத்து வெச்ச கை இவங்களோடது. விடுதலைக்கு அப்புறம்தான் இது அவங்க சொந்த வீட்டு விசேஷப் பண்டமா ஆச்சு.

எழுத்துல கிடைக்கறதுல முக்கியமானது ஆபி ஃபிஷர் அம்மாவோடது. சவுத் கரோலினால அடிமையாப் பொறந்தவங்க, பின்னாடி சான் ஃப்ரான்சிஸ்கோ போய் ஊறுகாய், ஜாம் எல்லாம் செஞ்சு பரிசு வாங்கினவங்க. எழுதப் படிக்கத் தெரியாது, 1881ல வாயால சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதி புஸ்தகமா வந்துச்சு. அதுல இந்தப் பை இருக்கு: ரெண்டு பவுண்டு கிழங்குக்கு ரெண்டு பை, அஞ்சு முட்டை, ஒரு ஆரஞ்சுப் பழச் சாறு, அரை ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போடணும், மாவு கீழ மட்டும். ஆரஞ்சு போட்டு நான் செஞ்சு பாத்தேன், அட்டகாசம். அதே புஸ்தகத்துல கைக்குழந்தைக்கு ஒரு கஞ்சி சொல்றாங்க, 11 பிள்ளை பெத்து எல்லாத்தையும் இதைக் குடுத்துத்தான் வளத்தேன்னு. ஏட்டுப் படிப்பு இல்லாத அம்மா அதுக்கு சாட்சியா சொன்னது அந்த 11 பிள்ளைங்களை.

அவங்களுக்கும் முன்னாடி 1866ல மலிண்டா ரசல்னு ஒரு அம்மா. அமெரிக்கக் கறுப்பினப் பெண் ஒருத்தர் போட்ட சமையல் புஸ்தகங்கள்ல இப்ப வரைக்கும் கிடைச்சிருக்கறதுல முதல்ல வந்தது இவங்களோடதுதான். டென்னசில அடிமையா இல்லாத குடும்பத்துல பொறந்தவங்க, புருஷன் செத்துட்டார், ஊனமுற்ற ஒரு மகன், பேஸ்ட்ரி கடை வெச்சு சேத்த காசை உள்நாட்டுப் போர் சமயம் கொள்ளைக் கும்பல் பிடுங்கிட்டுப் போயிடுச்சு. மிச்சிகனுக்கு வந்து சேந்து, ஊருக்குத் திரும்பிப் போக காசு வேணும்னுதான் புஸ்தகம் போட்டேன்னு முன்னுரைலயே எழுதியிருக்காங்க. கொள்ளைக்காரனால பிடுங்க முடியாம மிஞ்சினது கைப்பக்குவம் ஒண்ணுதான், அதை வித்தாங்க.

கார்வர்தானே இதைக் கண்டுபிடிச்சார்? ஸ்கூல் புக்ல படிச்ச ஞாபகம்

இல்லைங்க, மேல சொன்ன ஃபிஷர் அம்மா தேதியப் பாருங்க. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் கறுப்பின விவசாய விஞ்ஞானி, அலபாமால டஸ்கீகீ கல்லூரில இருந்து விவசாயிகளுக்குச் சின்னச் சின்னப் பிரசுரம் போட்டார், அதுல கிழங்கைப் பத்தியும் ஒண்ணு, எப்படி சேமிக்கறது, என்னென்ன சமைக்கறதுன்னு. பருத்தி போட்டுப் போட்டு மண்ணு செத்துப் போன ஊர்ல அது பெரிய உதவி. பை அதுக்கு முன்னாடியே அடுப்புல இருந்துச்சு.

ஏன் பெண்கள் பெண்கள்னே சொல்றீங்க, ஆம்பளைங்க யாரும் செய்யலையா?

செஞ்சாங்க, இப்பவும் செய்யறாங்க. ஆனா விடுதலைக்கு அப்புறமும் தெற்குல கறுப்பினப் பெண்ணுக்குத் திறந்திருந்த வேலை ரெண்டே ரெண்டுதான்னு வெச்சுக்கலாம், ஒண்ணு வயல், இன்னொண்ணு வெள்ளைக்காரங்க வீட்டு வேலை. 1935ல சோஷியல் செக்யூரிட்டி சட்டம் வந்தப்ப யாரை விட்டாங்க தெரியுமா, விவசாயக் கூலி, வீட்டு வேலை செய்யறவங்க, சரியா இந்த ரெண்டு பேரையும். அப்ப பென்ஷன் கிடையாது, முதலாளியம்மா கோவிச்சா மறுநாள் வேலை கிடையாது. அந்த நெலமைல ஒரு பொம்பள தன் வீட்டு அடுப்புல தன் பேர்ல நாலு பை செஞ்சு சர்ச்சுல, சலூன்ல, வாசப்படில வித்தா அது யாரும் கணக்குக் கேக்க முடியாத காசு. நான் இந்தப் பையைப் பத்தி இவ்வளவு பேசறதுக்குக் காரணமே இந்தக் காசுதான், ருசி அப்புறம்.

பஸ் போராட்டத்துக்குப் பை வித்துக் காசு குடுத்தாங்கன்னு ஒரு ஃபார்வேர்ட் வந்துச்சு, உண்மையா?

இந்த ஒரு ஃபார்வேர்ட் உண்மை. அவங்க பேரு ஜார்ஜியா கில்மோர். அலபாமால மான்ட்கோமரி ஊர்ல ஒரு சாப்பாட்டுக் கடைல சமையல், ஆறு பிள்ளைங்க, பிரசவமும் பாப்பாங்க. 1955 அக்டோபர்ல பஸ்ல காசு போட்டப்புறம் டிரைவர் இறங்கிப் பின்வாசல் வழியா ஏறுன்னு சொல்லியிருக்கான், இவங்க இறங்கினதும் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான். அன்னைக்கே இனிமே பஸ் ஏற மாட்டேன்னு முடிவு பண்ணிட்டாங்க, வெள்ளைக்காரருக்கு சீட்டை விட்டுக் குடுக்க மாட்டேன்னு சொன்ன ரோசா பார்க்ஸ் கைதாகி ஊரே பஸ்ஸைப் புறக்கணிச்சது டிசம்பர்ல.

போராட்டம் 381 நாள் நடந்துச்சு. அவ்வளவு நாள் பல்லாயிரம் பேர் வேலைக்குப் போகணுமே, அதுக்கு சர்ச்சுங்க ஸ்டேஷன் வேகன் வாங்கி ஓட்டுச்சு, பெட்ரோல் யார் போடறது, இன்சூரன்ஸ் யார் கட்டறது? மேடைப் பேச்சு பத்தி எல்லாருக்கும் தெரியும், பெட்ரோல் காசு பத்தி யாரும் பேசறதில்ல. கில்மோரும் இன்னும் சில பெண்களும் சேந்து கோழி சாண்ட்விச், பவுண்ட் கேக், ஸ்வீட் பொட்டேட்டோ பை எல்லாம் செஞ்சு பியூட்டி பார்லர், டாக்சி ஸ்டாண்டுன்னு வித்து, வந்த காசைப் போராட்டக் கூட்டத்துல கொண்டு போய்க் குடுத்தாங்க. வாங்கினவங்கள்ல வெள்ளைக்காரங்களும் உண்டு. அந்தக் குழுவுக்குப் பேரு "எங்கிருந்தும் வராதவங்க கிளப்". ஏன்னா இதுல இருந்த பெண்கள் நிறைய பேர் வெள்ளைக்காரங்க வீட்ல வேலை பாக்கறவங்க, பேர் தெரிஞ்சா வேலை போயிடும். காசு எங்கருந்து வந்துச்சுன்னு கேட்டா, எங்கருந்தும் வரலைன்னு சொல்லிடலாம், பொய்யும் இல்ல பாருங்க. யார் யார் செஞ்சாங்கன்னு முழுசா தெரிஞ்சது கில்மோருக்குத்தான், கூட்டத்துல முன்னாடி நின்னதும் அவங்க மட்டும்தான்.

1956 மார்ச்ல, இந்தப் போராட்டத்தை நடத்தினதுக்காக மார்ட்டின் லூதர் கிங் மேல கேஸ் நடந்தப்ப இவங்க கோர்ட்ல ஏறி அந்த பஸ் டிரைவர் கதையைச் சொன்னாங்க. வேலை போச்சு. கிங்தான், நீங்க ஏன் உங்க வீட்லயே சமைச்சு விக்கக் கூடாதுன்னு சொல்லி, அதுக்குக் காசும் குடுத்து உதவினார். அப்புறம் அவங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் போராட்டக்காரங்க ரகசியமா பேசற எடமாவும் ஆச்சு. அதோட விடல, மகனைப் பூங்கால போலீஸ் அடிச்சதுக்கு 1958ல நகராட்சி மேலயே கேஸ், அது 1974ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் அவங்க பேர்லயே போச்சு. 1990 மார்ச்ல இறந்தாங்க. ஓட்டுரிமைக்காக நடந்த செல்மா ஊர்வலத்தோட 25ம் வருஷ நினைவுக்கு வர்றவங்களுக்காக அன்னைக்கும் சமைச்சுட்டு இருந்திருக்காங்க, துக்கத்துக்கு வந்தவங்களுக்கு அந்தச் சாப்பாட்டையே பரிமாறினாங்க.

மால்கம் எக்ஸ் ஆளுங்க இதைச் சாப்பிட மாட்டாங்களாமே, அப்புறம் எப்படி எல்லாருக்கும் பாரம்பரியம்?

நல்ல கேள்வி, எல்லாருக்கும்னு நான் சொல்லவே இல்ல. மால்கம் எக்ஸ் இருந்தது நேஷன் ஆஃப் இஸ்லாம்ங்கற கறுப்பின முஸ்லிம் இயக்கம், அதோட தலைவர் எலிஜா முகமது இந்தக் கிழங்கையே வேணாம்னார், அடிமைச் சாப்பாடுங்கறது அவர் கட்சி, அதுக்குப் பதிலா வெள்ளை பீன்ஸ். உடனே என்ன ஆச்சு, அந்த பீன்ஸை வேகவெச்சு மசிச்சு அதே சர்க்கரை, அதே முட்டை, அதே ஜாதிக்காய் போட்டு பீன் பை வந்துருச்சு, தெருமுனைல போ டை கட்டின ஆளுங்க பேப்பரோட சேத்து விப்பாங்க. கிழங்கைத் தடை பண்ணலாம், பையை முடியல.

வால்மார்ட்ல ஒண்ணு பயங்கர ஃபேமஸாமே, அது வாங்கினா போதாதா?

நீங்க சொல்றது பாட்டி லபெல் பை, Patti LaBelleனு ஒரு பாடகி பேர்ல வர்றது, நம்ம பாட்டி இல்ல. 2015 நவம்பர்ல ஒரு ரசிகர் அதைச் சாப்பிட்டு அவங்க மாதிரியே பாடி வீடியோ போட்டார், மூணு நாளைக்கு ஒரு செகண்டுக்கு ஒரு பைன்னு வித்துச்சாம். நல்லாத்தான் இருக்கு, அவசரத்துக்கு நானும் வாங்கியிருக்கேன், பெரியம்மாகிட்ட சொல்லிடாதீங்க.

துக்க வீட்டுக்கு இனிப்பு கொண்டு போறாங்களே, நம்ம ஊர்ல யாராவது செய்வாங்களா?

நாம செய்ய மாட்டோம், சரிதான். இங்க துக்க வீட்ல அடுப்பு எரிய வேணாம்னு அக்கம்பக்கம் சாப்பாடு கொண்டு வருவாங்க, இட்லி கொண்டு போய் வெக்கறோம்ல அது மாதிரி, அதுல பையும் இருக்கும். மினசோட்டால ரோஸ் மெகீனு ஒரு அம்மா இதை இன்னும் தூரம் கொண்டு போனாங்க. 2014ல மிசூரி மாநிலத்து ஃபெர்குசன்ல மைக்கேல் பிரவுன்ங்கற கறுப்பின இளைஞனைப் போலீஸ் சுட்டுக் கொன்னப்ப டிவியை அணைச்சுட்டு 30 பை செஞ்சு கார்ல அடுக்கி அங்கயே ஓட்டிட்டுப் போய் கண்ல பட்டவங்களுக்குக் குடுத்தாங்க. அதுலருந்து வருஷா வருஷம் கிங் பிறந்தநாள் விடுமுறைக்கு, அவர் உயிரோட இருந்தா எத்தனை வயசோ அத்தனை பை, ஊரே கூடி உக்காந்து செய்யறாங்க.

"ஸ்ட்ராங் பிளாக் வுமன்" னு சொன்னா என் கொலீக் முகம் மாறிடுச்சு. பாராட்டினது தப்பா?

நீங்க நல்ல மனசோட சொன்னீங்க, அவங்களுக்கு அது எத்தனாவது தடவையோ. நம்ம வீட்லயே பாருங்க, "எங்கம்மா எதையும் தாங்குவா" ன்னு பெருமையாப் பேசிட்டே அம்மா தலைலயே எல்லாத்தையும் ஏத்தி வெப்போம். அதே கதைதான். வலிக்குதுன்னு ஆஸ்பத்திரில சொன்னா இவங்களாலதான் தாங்க முடியுமேன்னு அசட்டையா விடறது வரைக்கும் அது போகுது.

அதோட சிரிச்ச முகத்தோட சமைக்கற கறுப்பினப் பெண்ணுங்கற படத்தை வெச்சே வியாபாரம் நடந்த நாடு இது. நான்சி கிரீன், கென்டக்கில அடிமையாப் பொறந்தவங்க, 1893 சிகாகோ கண்காட்சில பான்கேக் மாவு விளம்பரத்துக்காக, அந்த மாவோட பேர்ல இருந்த ஆன்ட் ஜெமைமாங்கற கற்பனை சமையல்காரம்மா வேஷம் போட்டு நின்னாங்க. மாவுக் கம்பெனி நூறு வருஷத்துக்கு மேல ஓடிச்சு, அவங்க கல்லறைக்குப் பேர் எழுதின கல்லு வந்தது 2020ல. அதனால மனவலிமைன்னு பொத்தாம்பொதுவா சொல்றதை விட, கில்மோர் பெட்ரோலுக்குக் காசு சேத்தாங்க, வேலை போச்சு, கேஸ் போட்டாங்கன்னு நடந்ததைச் சொல்லுங்க. கொலீக்கிட்ட என்ன சொல்றதுன்னா, இந்த வாரம் உங்களுக்கு வேலை ஜாஸ்தி, நான் எதை எடுத்துக்கட்டும்னு கேளுங்க.

நாமளே செஞ்சு அவங்க வீட்டு விருந்துக்குக் கொண்டு போலாமா?

போலாம், ஆனா முன்னாடி கேட்டுட்டு. பல குடும்பத்துல பை செய்யற உரிமை ஒரு குறிப்பிட்ட அத்தைக்கோ பாட்டிக்கோதான் இருக்கும், நம்ம கல்யாண வீட்ல ரசம் யார் வெக்கறதுங்கற மாதிரி. மேஜைல புதுசா ஒரு பை இருந்தா முதல் கேள்வியே "இது யாரு செஞ்சது?" ன்னுதான் வரும், பதில் சரியில்லைன்னா தொட மாட்டாங்க. பேசாம கூல் டிரிங்க்ஸ் வாங்கிட்டுப் போங்க.

நான் மூணாவது வருஷம்தான் தைரியமா ஒண்ணு பெரியம்மாவுக்குக் கொண்டு போனேன். தட்டு கூட எடுக்கல, நின்ன எடத்துலயே ஸ்பூனால நடுவுல ஒரு குத்து, சாப்பிட்டுட்டு ஜாதிக்காய் ஜாஸ்தின்னாங்க. அப்புறம் இன்னொரு ஸ்பூன். போன வருஷம் மணிக்கட்டு வலி, மாவு பிசைய முடியலைன்னு ஃபோன் பண்ணி, ரெண்டு செஞ்சு குடு, ஒண்ணு சர்ச்சுக்குன்னாங்க. அங்க யாரு செஞ்சதுன்னு கேட்டதுக்கு என்ன சொன்னாங்கன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல, தட்டு மட்டும் காலியா வந்துச்சு.